மூன்றாம் தண்ணீர்

உத்தமபாளையம் கோர்ட்டு வாசலில் பதினாறு வருடமாக டைப் அடிக்கிறேன். முதலில் மெஷின், இப்போது கம்ப்யூட்டர். ஜாமீன் மனுவோ ஆட்சேபணை மனுவோ பிரமாண வாக்குமூலமோ, முத்துலட்சுமி கை படாமல் உள்ளே போவது குறைவு. வருகிறவன் தன் கொழுந்தியாள் கதையிலிருந்து ஆரம்பிப்பான். அதில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதிலை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட வேண்டும். கூட ஒரு வார்த்தை பேசாதே என்று ஸ்டான்லி வக்கீல் கட்சிக்காரர்களைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் மேல் பரிதாபப்பட வேண்டாம். பாவம், பட்டிக்காட்டுப் பொம்பளை, விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் என் காதுபடவே சொன்னான். அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அப்போது எனக்குத் தெம்பு இல்லை. எனக்கு எல்லா விவரமும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

விஜி என் தங்கை. என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். ஜெயமங்கலத்தில் எங்கள் அம்மா இறந்தபோது அவளுக்கு ஏழு வயது. அவளுக்குச் சோறு ஊட்டியதும் தலை பின்னியதும் பேன் பார்த்ததும் நான்தான். லேப் டெக்னீஷியன் படித்து, பெரியகுளத்தில் ஒரு லேபில் ஊராரின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் ஒரு மாதமாகக் களைப்பு, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று தன் ரத்தத்தையே ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அப்பாவுக்குச் சொல்லவில்லை, எனக்குத்தான் போன் போட்டாள்.

"அக்கா, இருக்கக்கூடாதது நெறைய இருக்குக்கா" என்றாள்.

ரத்தப் புற்றுநோய். அதிலும் டி செல் வகை, பொல்லாத வகை. முதல் கீமோவில் போய், நாலே மாதத்தில் திரும்பி வந்தது. இரண்டாவது கீமோ அதை அசைக்கவே இல்லை. முடி போச்சு, எடை போச்சு, நோய் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அப்போதுதான் மதுரையில் டாக்டர் இம்மானுவேல் அப்பாவையும் என்னையும் உட்கார வைத்து, ஆராய்ச்சியில் இருக்கிற ஒரு வைத்தியத்தைப் பற்றிப் பேசினார். நல்ல மனிதர், வாய்தா வாங்குகிற ஆள் இல்லை, நேராகச் சொன்னார்.

கிருமியோடு சண்டை போடுகிற செல்லிலேயே விஜிக்குப் புற்று. அதனால் அவள் செல்லை எடுத்து மருந்தாக்க வழியில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்த செல்லின் மரபணுவில் சில இடங்களைத் திருத்தி, உறைய வைத்துத் தயாராக வைத்திருக்கிறார்கள். இவள் உடம்பை அது கடிக்காமல் இருக்க ஒரு திருத்தம். தன் இனத்தையே கொன்றுகொள்ளாமல் இருக்க ஒரு திருத்தம். புற்றுச் செல்லின் மேலுள்ள அடையாளத்தைக் கண்டுபிடித்துக் கொல்ல ஒரு கருவி. ஆனால் அந்த அடையாளம் நல்ல செல்லிலும் உண்டு. புற்று அழியும்போது இவளிடம் மிச்சமிருக்கிற எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து அழியும். ஒரு மாதத்துக்கு மேல் அப்படி விட்டுவைக்க முடியாது. அதற்குள் பொருத்தமான ஒருவருடைய மஜ்ஜைச் செல்லை ஏற்றியாக வேண்டும்.

"அந்த ஒரு மாசம் கதவே இல்லாத வீடும்மா அவ உடம்பு. எது வேணாலும் உள்ள போகும், தடுக்க ஆள் கெடையாது" என்றார் டாக்டர்.

பொருத்தம் பார்த்தார்கள். என்னுடையது முழுப் பொருத்தம். ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன், சந்தோஷத்தில். போன் போட்டுச் சொன்னபோது என் மாமியார் சுப்புத்தாய், முதலில் ஏற்றப் போகிற செல் எந்தச் சாதிக்காரனுடையது என்று விசாரித்தாள். வெள்ளைக்காரனுடையதாகக்கூட இருக்கலாம் என்றேன். அப்படியென்றால் விஜி இனி இங்கிலீஷில்தான் பேசுவாளா என்று கேட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சித்திரை இருபதாம் தேதி ஏற்றினார்கள். மோர் பாக்கெட் அளவுகூட இல்லாத ஒரு பை. பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் நூற்று நாலு காய்ச்சல் அடித்தது, பிதற்றினாள். எதிர்பார்த்ததுதான், செல் வேலை செய்கிறது என்றார்கள். அப்பா அவளோடு இருந்தார். என்னை ஊருக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். மஜ்ஜை கொடுக்கப் போகிறவள் நான், எனக்கு ஒரு சளிகூடப் பிடிக்கக் கூடாது. தினமும் காலை பத்து மணிக்கு நர்ஸ் ஜெபஷீலா போன் செய்து விசாரிப்பாள்.

அந்த வாரம்தான் வீரபாண்டித் திருவிழா. விஜிக்காகத் தீச்சட்டி எடுப்பதாகக் கௌமாரியம்மனுக்கு நேர்ந்திருந்தேன். எடுத்தேன். என் மகள் சுபாஸ்ரீக்கு எட்டு வயது. அவளும் கூட வந்து, முல்லையாற்றுத் தண்ணீரைச் சின்னக் குடத்தில் கொண்டுபோய்க் கோயில் முன் நட்டிருந்த கம்பத்துக்கு ஊற்றினாள். என் வீட்டுக்காரர் பாண்டியராஜன் கூட்டத்தில் எங்கள் இருவரையும் தொலைத்துவிட்டு ராட்டினத்துப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான்.

வைகாசி மூன்றாம் நாள் காலை. சுபாஸ்ரீக்குத் தலை சீவும்போது காதுக்குப் பின்னால் ஒரு கொப்புளம், உள்ளே நீர். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வயிற்றில் ஏழெட்டு. எனக்குச் சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. மாமியார் வந்து பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாசலுக்குப் போய் நிலையில் வேப்பிலை செருகினாள். வந்து என்னை அடுப்படிக்குள் இழுத்துப் போய் மெதுவாகச் சொன்னாள்.

"ஆத்தா வந்துட்டா. ஒன் தங்கச்சிய அடிக்க வேண்டியத இந்தப் புள்ளகிட்ட வெளையாட்டா காட்டிட்டுப் போறா. நேந்துக்கிட்டத ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். நோய்கீயின்னு வாயில வந்துறக் கூடாது, பாத்துக்க. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது."

எங்கள் பக்கம் இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மை இறங்கிய வீட்டில் தாளிக்க மாட்டோம், கறி எடுக்க மாட்டோம், பிச்சை போட மாட்டோம், ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டோம். கொப்புளத்தைக் கொப்புளம் என்று சொல்ல மாட்டோம், முத்து என்போம். அது நோய் இல்லை, விருந்தாளி. ஒற்றைப்படை நாளாகப் பார்த்து மூன்று தடவை மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினால், வந்தவள் மனம் குளிர்ந்து போய்விடுவாள். நோய் என்று சொன்னால் கோபித்துக்கொண்டு வீட்டில் யாரையாவது கொண்டுபோய்விடுவாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. கேட்டது கிடைத்துவிட்டது, விஜி பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் பத்து மணிக்குப் போன் வந்தது. ஜெபஷீலா வழக்கம் போலத் தன் பட்டியலை வாசித்தாள். எனக்கோ, வீட்டில் யாருக்குமோ காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, தோலில் தடிப்பு உண்டா, அம்மை உண்டா. நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் வேப்பிலை பரப்பிய வெள்ளைத் துணியில் சுபாஸ்ரீ படுத்திருப்பது தெரிந்தது. மாமியார் கூழைக் கரைத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி எதுவும் இல்ல சிஸ்டர். எல்லாரும் நல்லாருக்கோம்" என்றேன்.

எதற்குப் பயந்து அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்துவிட்டேன். சொன்னால் ஆத்தா கோபிப்பாள், அந்தக் கோபம் விஜி தலையில்தான் விடியும் என்று ஒரு பயம். சொன்னால் தேதியைத் தள்ளிவைப்பார்கள், அந்த ஒரு மாதக் கெடு தாண்டிவிடும் என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரியது என்று எனக்கே தெரியாது. அடுத்தவன் வாக்குமூலத்தில் பொய் எங்கே இருக்கிறது என்று மோந்து பார்த்துச் சொல்லிவிடுவேன். அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று என் மனதில் ஒரு ஓரத்தில்கூடப் படவில்லை. தொடர்ந்து எட்டு நாள் அவள் கேட்டாள், எட்டு நாளும் இல்லை என்றேன். எனக்குத் தொற்றும் என்ற நினைப்பும் கிடையாது. உங்கள் இருவருக்கும் ஆத்தா பார்த்தாயிற்று என்று எங்கள் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஒன்பதாம் நாள் மூன்றாம் தண்ணீர். முற்றத்து வெயிலில் சூடேறிய தண்ணீரைச் சுபாஸ்ரீ தலையில் ஊற்றியதும் அவள் சிரித்தாள். முத்து எல்லாம் காய்ந்து பக்குக் கட்டியிருந்தது. நிலையில் செருகியிருந்த வேப்பிலையை எடுத்து ஆற்றில் விட்டோம். அன்று மத்தியானம் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டு, வீடு பழையபடி ஆகிவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் முறையாகச் செய்தாயிற்று. மறுநாள் காலை மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் நல்ல சேதி காத்திருந்தது. டாக்டர் இம்மானுவேல் ஒரு தாளைக் காட்டினார். லட்சத்தில் ஒரு புற்றுச் செல் இருந்தால்கூடக் கண்டுபிடிக்கிற பரிசோதனையாம். ஒன்றுகூட இல்லை. யாரோ முகம் தெரியாத புண்ணியவானின் செல், ஒன்றரை வருடமாக எந்த மருந்தும் முழுக்க ஒழிக்க முடியாததை மூன்று வாரத்தில் துடைத்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பாராட்டை வாங்கிக்கொள்ளவில்லை. பாதி வேலைதான் முடிந்திருக்கிறது, மீதி உங்கள் கையில் இருக்கிறது என்றார்.

மீதி என்பது இதுதான். எனக்கு ஐந்து நாள் ஊசி போடுவார்கள். மஜ்ஜைச் செல் பெருகி ரத்தத்துக்கு வரும். ஐந்தாம் நாள் மெஷின் வைத்துப் பிரித்து எடுப்பார்கள். அதே நாட்களில் விஜிக்குக் கடுமையான மருந்து கொடுத்து, அவள் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையை முழுக்க அழித்துவிடுவார்கள். பழையதை அழித்தால்தான் என்னுடையது உட்கார இடம் கிடைக்கும். ஊசி போட்டால் உடம்பு வலிக்கும், லேசாகக் காய்ச்சல் காயும், பயப்பட வேண்டாம் என்று ஜெபஷீலா சொல்லியிருந்தாள்.

அப்பாவுக்கு ஓய்வு வேண்டும் என்று மூன்றாம் நாளும் நாலாம் நாளும் மத்தியானத்தில் விஜியோடு நான் இருந்தேன். கவுன், தொப்பி, மாஸ்க், எல்லாம் போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். விஜி சுருங்கிப் போயிருந்தாள், ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். குணமானதும் சுருளிக்குப் போக வேண்டும், அருவியில் நிற்க வேண்டும் என்று திட்டம் போட்டாள். நாலாம் நாள், என் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று, ஒரு தடவை மாஸ்க்கை இறக்கு என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறக்கினேன். கிட்டே போய் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். எனக்கு அன்றைக்கு உடம்பு கனகனவென்று இருந்தது. முதுகு வலித்தது. ஊசி வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஐந்தாம் நாள் காலை மெஷின் அறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜெபஷீலா ஊசி போட நரம்பு தேடி என் சட்டைக் கையை மேலே ஏற்றினாள். ஏற்றியவள் அப்படியே நின்றாள். முழங்கை மடிப்புக்கு மேலே ஒரு முத்து. நீர் கோத்து, சுற்றிலும் சிவந்து. அவள் என் கழுத்துப் பக்கம் துணியை விலக்கிப் பார்த்தாள். அங்கே மூன்று.

"வீட்ல யாருக்குக்கா இருந்துச்சு?"

"மகளுக்கு. மூணு தண்ணி ஊத்தியாச்சு சிஸ்டர். போயிருச்சு."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுவரில் இருந்த போனை எடுத்தாள். டாக்டரை உடனே வரச் சொன்னாள்.

எங்கள் அம்மா ஆத்தா பார்த்தாயிற்று என்று சொன்னது எங்கள் இருவருக்கும் வந்த மணல்வாரியை, அது வேறு அம்மை. அதைப் பிறகு அப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். சாமிக்குப் பயந்தவள் எதையும் பிரித்துப் பெயர் சொல்லி வைக்கவில்லை.

டாக்டர் இம்மானுவேல் நாலடி தள்ளி நின்று கேட்டார். விஜியோடு எத்தனை மணி நேரம் இருந்தேன், மாஸ்க் இருந்ததா, தொட்டேனா. இந்தத் தடவை ஒன்று விடாமல் சொன்னேன். மாஸ்க்கை இறக்கியதைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டார். என் ரத்தத்தில் அம்மைக் கிருமி இருக்கிறது, என் செல்லை இப்போது எடுக்க முடியாது என்றார்.

"அவ எலும்புக்குள்ள இருந்த எல்லாத்தையும் நேத்தோட அழிச்சிட்டோம்மா. இனிமே அது தானா மொளைக்காது" என்றார்.

வேறு வழி அப்பாதான். சங்கிலி என்று பேர், ஆனால் சர்க்கரை வந்து நூலாய் இளைத்த மனிதர், அறுபத்தாறு வயது. பாதிதான் பொருந்தும். மறுநாள் அவரை மயக்கத்தில் போட்டு இடுப்பெலும்பிலிருந்து எடுத்து விஜிக்கு ஏற்றினார்கள். அதற்கு முன்பே அவளுக்கு அம்மைக்கான எதிர்ப்பு ஊசியும் மருந்தும் போட்டுவிட்டார்கள். அது முழுக்கத் தடுக்குமா என்று கேட்டேன். உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அப்பாவின் செல் முளைத்து வர இரண்டு மூன்று வாரம் ஆகும். என்னிடமிருந்து அவளுக்குப் போயிருந்தால், அது வெளியே வரவும் இரண்டு மூன்று வாரம் ஆகும். எது முந்துகிறதோ, அதுதான். எனக்கு வேறு கட்டடத்தில் தனி அறை. அங்கே முத்துக் காயும்வரை கிடந்தேன். அரிப்பு உயிரை எடுத்தது. வேப்பிலை கேட்க வாய் வரவில்லை. பக்கு உதிர்ந்த பிறகு ஆஸ்பத்திரி எதிரில் ஒரு லாட்ஜில் இருந்துகொண்டு, தினமும் காலையில் விஜியின் வெள்ளை அணு எண்ணிக்கையைக் கேட்பேன். பூஜ்யம் என்பார்கள். மறுநாளும் பூஜ்யம். அப்பாவின் செல்லை ஏற்றிய பதினோராம் நாள் பூஜ்யம் புள்ளி ஒன்று என்றார்கள். முளைக்க ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டேன், இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றார்கள். அன்று மத்தியானம் இட்லி வாங்கிச் சாப்பிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் விஜிக்குத் தாங்க முடியாத வயிற்று வலி. வெளியே தோலில் ஒன்றும் இல்லை. ஈரல் வீங்கியிருக்கிறது, கிருமி நுரையீரலிலும் இருக்கலாம் என்றார்கள். மறுநாள் காலை நெற்றியில் முதல் முத்து தெரிந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை நிறுத்தினார்கள். உள்ளே ஜெபஷீலா விஜியின் காதில் போனை வைத்துப் பிடித்துக்கொண்டாள். நான் என் போனைக் காதில் வைத்தேன். என்னைக் கொன்றுவிடு என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவளே பேசினாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

"எனக்கு மொதல்லயே தெரியும்க்கா. பாப்பா உன் போன்லருந்து கூப்புட்டுச் சொல்லுச்சு. சித்தி, எனக்கு முத்து போட்ருக்கு, யாருட்டயும் சொல்லிறாதன்னுச்சு."

"தெரிஞ்சுமாடி?"

"சிஸ்டர் எங்கிட்டயும் கேட்டாக, அக்கா வீட்டுல எல்லாரும் நல்லாருக்காகளான்னு. நல்லாருக்காகன்னுட்டேன். சொன்னா உன்னைய உள்ள விட மாட்டாக. நீ வரணும்னு இருந்துச்சுக்கா. மூணு தண்ணியும் ஊத்தியாச்சுன்னு பாப்பா சொல்லுச்சா, அப்புறம் என்னன்னு நெனச்சேன்."

ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து ஊருக்கெல்லாம் நோய் சொன்னவள். அவளும் மூன்று தண்ணீரை நம்பியிருக்கிறாள். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. நான்தான் அறிவில்லாத முண்டம், உனக்கு எங்கேடி போச்சு புத்தி என்று கண்ணாடியைத் தட்டிக் கத்தினேன். போன் என் கையில் இல்லை, கீழே விழுந்து கிடந்தது. அவளுக்குக் கேட்டிருக்காது. என் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஜெபஷீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மூச்சுக்காக வாய்க்குள் குழாய் வைத்தார்கள். அதன் பிறகு அவள் பேசவில்லை. அப்பாவின் செல் முளைத்துவிட்டது என்று மறுநாள் சொன்னார்கள். எண்ணிக்கை பூஜ்யம் புள்ளி நாலு.

பதினாறாம் நாள் காலை ஏழு மணிக்கு ஜெபஷீலா போன் செய்து என்னை வரச் சொன்னாள். ஓடினேன். அறை வாசலில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கவுனுக்கும் மாஸ்க்குக்கும் நான் கையை நீட்டினேன். ஜெபஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வேண்டாம்க்கா, இனிமே. அப்படியே உள்ள போங்க" என்றாள்.

நான் உள்ளே போனேன்.